நாலு நாள் அட்மிட்

1999ஆம் ஆண்டு தை மாதம். தியாகதுருகத்தில் என் மாமா மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் என்று இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அத்தை முறைக்குச் சீர்த்தட்டு எடுத்துப்போக வேண்டியவள் அம்மா. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் பக்கத்து ஊர்தான், பஸ் ஏறி இறங்கினால் ஆயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் ஆயா ஐந்து வருடமாகப் படுக்கையில் இருந்தார். அப்பாவைப் பெற்றவர். வலது கையும் காலும் வாதத்தில் விழுந்துவிட்டன. ஊட்டினால்தான் சோறு. புரட்டிவிட்டால்தான் முதுகில் புண் வராமல் இருக்கும். இரண்டு நாள் யார் பார்த்துக்கொள்வது?

பெரியப்பாதான் வழி சொன்னார். "நாலு நாள் அட்மிட் பண்ணிடலாம். ட்ரிப்ஸ் ஏத்தினா கிழவிக்கும் தெம்பா இருக்கும்." இது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா என்றால் படுத்த படுக்கையான பெரியவர்களைச் சின்ன ஆஸ்பத்திரிகளில் சேர்த்துவிடுவது நடக்கும். டாக்டருக்கும் தெரியும், கொண்டுபோய் விடுகிறவர்களுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சீட்டில் 'பலவீனம்' என்று எழுதுவார்கள்.

சேர்த்தோம். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு நர்ஸ் கேட்டார்: "கூட யார் இருக்கப்போறீங்க? பொம்பளை ஆள் வேணும்."

அம்மா இருந்தாள். சீர்த்தட்டை அப்பா எடுத்துப் போனார்.

குடும்பத்தில் பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுப்பதற்காக, பராமரிக்கப்படுபவரைச் சில நாள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தங்கவைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த நர்ஸின் கேள்விதான். 'நர்சிங் ஹோம்' என்ற சொல்லே நம் ஊரில் வேறு பொருள் கொண்டது. இங்கே அது பத்துக் கட்டில் போட்ட தனியார் ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிக்குக் கட்டில், கூட வந்த பெண்ணுக்குக் கட்டிலுக்குக் கீழே பாய். ஆயாவை அவர்கள் சேர்த்துக்கொண்டதே அம்மாவையும் சேர்த்துத்தான்.

ஆயாவின் பராமரிப்பு எப்படி அம்மாவின் வேலையானது என்பதற்கு எங்கள் வீட்டில் ஓர் ஆவணம் இருக்கிறது. தாத்தா இறந்தபின் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா இறந்த பிறகு தகரப் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது. எந்தக் கொல்லை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: தாயாரை மூன்று குமாரர்களும் மாதம் ஒருவராக முறை வைத்துப் பராமரித்து வரவேண்டியது. ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்து. மூன்று குமாரர்களின் பெயர் இருக்கிறது. சோறாக்கிப் போடப்போகிற மூன்று பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

இந்த மாச முறையைப் பற்றிச் சினிமாவிலும் கதைகளிலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். பெற்ற தாயைப் பந்தாடும் பிள்ளைகள், மூட்டையோடு வீடு வீடாகப் போகும் கிழவி. அந்த வேதனை உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே முறையை மருமகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு மாதம் வேலை, இரண்டு மாதம் ஓய்வு. பெரியம்மா, அம்மா, சித்தி மூவரும் அந்தக் கணக்கில்தான் தாய்வீட்டுக்குப் போய்வந்தார்கள். யாரும் அவர்களுக்காக அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் செலவைச் சமமாகப் பிரிக்கத்தான் செய்தார்கள். அதன் நிழலில் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1994இல் ஆயாவுக்கு வாதம் வந்தது எங்கள் வீட்டு முறையின்போது. அதோடு முறை நின்றது. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார் பெரியப்பா. நியாயமாகத்தான் பட்டது. பதிலுக்கு அவரும் சித்தப்பாவும் தங்கள் பங்குக்கு நெல் கொடுத்தார்கள். அறுவடைக்கு அறுவடை மூட்டை வந்து இறங்கும். ஆயா எழுந்து நடமாடியவரை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்ட வேலை, அவர் எழ முடியாமல் போனதும் ஒருத்தியின் வேலையானது. வேலை பலமடங்கு ஆன அதே நாளில் ஆட்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தார்கள். ஆயா தின்னும் சோற்றுக்குத்தான் நெல் கணக்கு. ராத்திரி மூன்று முறை எழுந்து துணி மாற்றுவதற்குக் கணக்கு இல்லை. ஆயா 2001இல் இறந்தார். ஏழு வருடம்.

ஓய்வுத் தங்கல் என்ற ஏற்பாட்டின் வரலாற்றைத் தேடிப் போனால் இங்கிலாந்தில் 1950களில் போய் நிற்கிறோம். போருக்குப் பின் தேசிய சுகாதார சேவை வந்த காலம். ஆஸ்பத்திரிக் கட்டில்களை முதியவர்கள் நிரப்பியிருந்தார்கள், வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒடிந்துபோனார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லயனல் கோசின் போன்ற முதியோர் மருத்துவர்கள் கொஞ்ச நாள் உள்ளே, கொஞ்ச நாள் வீட்டில் என்ற வழியைப் பரிசோதித்தார்கள். 1957இல் 'லான்செட்' இதழில் டி லார்ஜி என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஆறு வாரம் உள்ளே, ஆறு வாரம் வெளியே' என்பதுதான். படித்தபோது எங்கள் மாச முறைதானே என்று சிரிப்பு வந்தது. அந்தக் கட்டுரையின் துணைத்தலைப்பு, முதியவர்களின் உறவினர்களுக்குச் சுமை இறக்குவதைப் பற்றிப் பேசுகிறது. 'உறவினர்கள்.' எங்கள் பத்திரத்தில் 'குமாரர்கள்' என்று இருந்ததைப் போல. யார் இந்த உறவினர் என்று மருத்துவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டவர் ஒரு பெண். மேரி வெப்ஸ்டர், கிறிஸ்தவச் சபை ஒன்றின் போதகர். 1954இல் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். திருமணமாகாத மகள் என்றால் அவளுக்கு வேறு என்ன வேலை என்பது அன்றைய எண்ணம். 1963இல் அவர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். திருமணமாகாத பெண்கள் இப்படிச் சத்தமில்லாமல் வேலையையும் வருமானத்தையும் இழந்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று. உங்களைப் போலத்தான் நானும் என்று நூற்றுக்கணக்கான பெண்கள் பதில் எழுதினார்கள். 1965இல் அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. 1967இல் வரிச் சலுகை கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டில் மேரி வெப்ஸ்டர் இறந்துவிட்டார். 1976இல் பராமரிப்பவருக்கான உதவித்தொகை வந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. திருமணமான பெண்களுக்கும், ஆணோடு சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்கும் அந்தத் தொகை கிடையாது. மனைவி எப்படியும் வீட்டில்தானே இருப்பாள், அவளுக்கு எதற்கு என்பதுதான் வாதம். மாற்றுத்திறனாளியான தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற திருமணமான பெண் வழக்குப் போட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1986 ஜூனில் தீர்ப்பு வரும் தறுவாயில் பிரிட்டிஷ் அரசு இறங்கிவந்து, திருமணமான பெண்களுக்கும் தொகையை நீட்டித்தது. தீர்ப்பும் டிரேக் பக்கமே வந்தது. பத்து ஆண்டு பிடித்தது, மனைவி பார்ப்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள.

மகளின் கதை இங்கிலாந்தில் என்றால், மருமகளின் கதை ஜப்பானில். மூத்த மகன், அவன் மனைவி, மாமனார் மாமியார் என்று நமக்குப் பழகிய அதே வீடு. படுக்கையில் விழுந்த முதியவரைச் சில நாள் இல்லத்தில் தங்கவைக்கும் திட்டம் அங்கே 1978இல் தொடங்கியது. ஷார்ட் ஸ்டே என்று ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார்கள். ஆனால் முதியவரை வெளியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் அங்கேயும் இருந்தது. 1983இல் ஹிகுச்சி கெய்கோவும் தோழிகளும் முதுமையைப் பற்றிப் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கி, மாமியாரைப் பார்ப்பது மருமகளின் நற்குணம் அல்ல, அது சமூகத்தின் பொறுப்பு என்று பேசினார்கள். 1997இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல் இல்லம், குறுகியகாலத் தங்கல் ஆகியவை உரிமையாயின.

அப்போது நடந்த ஒரு விவாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமா? ஜெர்மனி 1995இல் கொண்டுவந்த காப்பீட்டில் அந்த வழி உண்டு. ஹிகுச்சியும் தோழிகளும் எதிர்த்தார்கள். பணம் கொடுத்தால் அதைக் காட்டியே மருமகளைக் கட்டிலோடு கட்டிப்போடுவார்கள், எங்களுக்கு வேண்டியது மாற்று ஆள் என்றார்கள். ஜப்பான் சட்டத்தில் பணம் பொதுவாகச் சேர்க்கப்படவில்லை. எங்கள் வீட்டு வாசலில் இறங்கிய நெல் மூட்டையை அவர்கள் பார்த்திருப்பார்களோ என்று தோன்றும்.

இந்தியாவில் மருத்துவம் எதிர்த்திசையில் போனது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் நோயாளிகளோடு குடும்பத்தாரையும் வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. சங்கிலியில் கட்டிப்போட்டு மறந்துவிடும் காலத்தில் அது பெரிய மாற்றம். உலகமே பாராட்டியது, சரியாகத்தான் பாராட்டியது. ஆனால் கூட வந்து தங்கியது குடும்பத்தில் யார்? மற்ற நாடுகளில் நோயாளியை உள்ளே எடுத்துக் குடும்பத்துக்கு ஓய்வு கொடுக்க யோசித்த அதே பத்தாண்டில், நாம் குடும்பத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டோம். இன்று எந்த அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தாலும் தெரியும். கூட ஆள் இல்லாவிட்டால் வார்டு நடக்காது.

சட்டம் என்ன செய்தது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. அதில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இல்லை. 2019 டிசம்பரில் திருத்த மசோதா கொண்டுவந்து மருமகளையும் மருமகனையும் பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள். அது சட்டமாகவில்லை. எனக்கு அதில் ஒரு கசப்பு. எங்கள் பத்திரத்தில் இடம் பெறாத மருமகளின் பெயர் ஒருவழியாக ஓர் ஆவணத்தில் வரப்பார்த்தது, கடமைப்பட்டவள் என்ற முறையில். மாவட்டத்துக்கு ஒன்றாக, குறைந்தது 150 வசதியற்ற முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது ஆதரவற்றவர்களுக்கு, நிரந்தரமாக. நாலு நாளைக்கு விட்டுவிட்டு வருகிற இடம் இல்லை. ஓய்வுப் பராமரிப்பு என்ற சொல் ஒன்றிய அரசின் திட்டங்களில் இல்லாமலும் இல்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் குடும்பங்களுக்கான தேசிய அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டம் அப்படிப்பட்டது. முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டத்தின் 2008 திருத்தப் பட்டியலிலும் ஓய்வுப் பராமரிப்பு இல்லங்கள் உண்டு. சென்னை, கோவையில் தனியார் முதியோர் இல்லங்கள் குறுகியகாலத் தங்கலைக் காசுக்குத் தருகின்றன. அரிசிக்கடையில் கணக்கெழுதும் ஒருவரின் மனைவிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஒரே ஓர் எண்ணிக்கை சொல்கிறேன். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் உள்ளவர்களுக்கு ஊதியமில்லாப் பராமரிப்பு செய்தவர்கள் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். செய்தவர்களிலும் பெண்களுக்கு நாளுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்த்தி. ஆண்கள் அறவே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. அப்பாவும் ஆயாவைத் தூக்கி உட்காரவைப்பார். பிறகு கைகழுவிவிட்டு வெளியே போவார். அந்த வெளியே போவதைத்தான் அம்மாவால் செய்ய முடியவில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன வருடம் கல்வராயன் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. மேலே வெள்ளிமலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது பத்திரிகைகளுக்கு இந்த மலை ஞாபகம் வந்தது. மற்ற நாளில் வருவதில்லை. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். 1976வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை இது.

மாமியாருக்குச் செய்து ஓய்ந்துபோன ஒரு மருமகளைப் பார்ப்பேன் என்று நினைத்துப் போனேன். வீட்டில் மருமகளே இல்லை. மகனும் அவளும் கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். பலர் வீட்டிலும் அப்படித்தான். அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், புளிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த கணவரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். கூடவே நாலு ஆடு, கொஞ்சம் மரவள்ளி. மருமகள் சுமக்கிறாள் என்று நான் எழுதிவைத்திருந்த வாக்கியம் அந்தத் திண்ணையில் உடைந்தது. இங்கே கிழவியைக் கிழவிதான் பார்க்க வேண்டும், கிழவரையும் அவள்தான்.

பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். உண்டு உறைவிடப் பள்ளியில் என்றார். அப்போதுதான் உறைத்தது. பெற்றோர் வேலை தேடி மலையிறங்குகிறார்கள் என்று தெரிந்து, அரசு பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் போட்டுப் பள்ளி நடத்துகிறது. சோறும் படுக்கையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள அரசுக்குத் தெரியாமல் இல்லை. பழங்குடியினர் விடுதிகளின் தரம் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் முதியவரை நாலு நாள் தங்கவைப்பது இந்த ஊருக்கு ஆகாத கற்பனை என்று யாராவது சொன்னால், அந்தப் பள்ளியைக் காட்டுவேன்.

நான் இருந்தபோதே மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் பெண்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. வந்த பெண் அதே பக்கத்து ஊர்க்காரர். பெரியவருக்கு அழுத்தம் பார்த்துவிட்டு, "நான் கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்திருக்கேன், நீ போய்ட்டு வாம்மா" என்றார். அது அவர் வேலைப் பட்டியலில் இருக்காது. அந்த அம்மா ஓடைக்குப் போய் அவசரமில்லாமல் குளித்துவிட்டு வந்தார்.

தலை துவட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இவரை ரெண்டு நாள் வேற யாராச்சும் நல்லாப் பார்த்துக்கிட்டா என்ன செய்வீங்கம்மா?"

உடனே பதில் வந்தது. "எங்கக்கா செத்ததுக்கு நான் போவல கண்ணு. காரியத்துக்கும் போவல. அங்க போய் அழுதுட்டு வருவேன்."

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருகிறது என்றும் சொன்னார். பெண்களின் ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிக்கும் தொகை என்று சொல்லி 2023 செப்டம்பரில் தொடங்கியது அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நெல்லும் வேண்டும்தான். ஆனால் அந்த ஆயிரத்தை வைத்து அந்த மலையில் இரண்டு நாளுக்கு ஓர் ஆளை அவரால் வாங்க முடியாது, ஏனென்றால் விலைக்குக் கிடைக்க அங்கே ஆளே இல்லை.

நம் வழக்கத்தில் பெண்ணுக்கு ஓய்வே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போகிறோம். அந்த வயதைத் தாண்டினால் அழைக்க யாரும் வருவதில்லை. நாற்பது வயதில் மாமியாரின் படுக்கையருகே உட்கார்ந்திருப்பவளுக்கு ஆடி வராது.

மலையிலிருந்து இறங்கி நேராக அம்மாவிடம் போனேன். இப்போது அவளுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி மனைவி நல்ல பெண், போனில் என்னிடம் தயங்கித் தயங்கி, "அண்ணி, வர்ற மாசம் எங்கம்மா வீட்டுக்குப் பத்து நாள் போகணும்" என்று சொல்லியிருந்தாள். அத்தையை எங்கே விடுவது என்பதை அவள் கேட்கவில்லை. நான்தான் அழைத்துப் போகிறேன் என்றேன். எனக்கும் வேலை இருக்கிறது, வீட்டில் ஒரே படுக்கையறை. ஆனாலும் முறை என்றால் முறை.

அம்மாவிடம் அந்தத் தை மாதத்தைப் பற்றிக் கேட்டேன். மாமா மகள் கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லையே என்று இன்னும் வருத்தமா என்று. இருபத்தைந்து வருடமாக அவளுக்காக நான் சுமந்துகொண்டிருந்த கோபம் அது.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்லட்டா? அந்த நாலு ராத்திரியும் நல்லாத் தூங்கினேன்டி. ராவுல துணி மாத்த நர்சம்மாவே வந்துடும். நீ படுத்துக்கம்மான்னு சொல்லும். கட்டிலுக்கு அடியில பாய் போட்டு, விடியற வரைக்கும் தூங்கினேன். டிஸ்சார்ஜ் பண்றாங்கன்னு உங்கப்பா வந்து எழுப்பினாரு பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. கிழவி பொழைச்சுக்கிச்சுன்னு சந்தோஷத்துல அழுவுறேன்னு நெனச்சிக்கிட்டாரு."